மாலியில் ஆறு நாள்

ஜனவரி 2, வெள்ளி

காலையில் நல்ல பனி. ஸ்கூட்டி சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தும் சுடிதார் நனைந்துவிட்டது. வாடைக்காற்று இன்னும் விட்டபாடில்லை. துறைமுகச் சாலையில் வழக்கம்போல நிலக்கரி லாரிகள். ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் பாதி பவுடர், பாதி கரி.

புது டைரி. ஆபீசில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். போன வருட டைரியில் எழுத்து பொங்கலோடு சரி, அதற்கப்புறம் வெறும் கிறுக்கல். இந்த வருடம் விடாமல் எழுத வேண்டும். கல்யாண வருடம்.

ஓர் ஏற்பாடு: அவர் பெயரை முழுதாக எழுதப் போவதில்லை. ஜெ. என்று மட்டும். தங்கச்சி லீனா என் அலமாரியைக் குடைகிறவள். ஜெர்வின் என்று கண்ணில் பட்டால் நின்று படிப்பாள். ஜெ. என்றால் ஜெராக்ஸ் என்று நினைத்துவிட்டுப் போவாள். (இப்போது முழுதாக எழுதித் தொலைத்துவிட்டேன். போகட்டும்.)

கல்யாணம் 28, புதன். இன்னும் 26 நாள். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால்தான் இத்தனை அவசரம்.

தேனிலவு பிப். 1 முதல் 6 வரை. மாலி. உலகம் மாலத்தீவு என்று சொல்லும், இந்த ஊருக்கு அது எப்போதும் மாலிதான்.

செய்ய வேண்டியவை:
– பாஸ்போர்ட். இருக்கிறது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.
– தங்குமிடம். பெரிய ரிசார்ட் வேண்டாம். ஜனங்கள் குடியிருக்கிற சின்னத் தீவாக ஒன்று. மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஜெ. ஒன்றைச் சொல்ல வேண்டும்.
– விமானம். திருவனந்தபுரத்திலிருந்து. டிக்கெட் ஜெ. பொறுப்பு.
– வெயிலுக்குப் பூசும் கிரீம்.
– நீச்சல் உடை. அம்மாவுக்குத் தெரியாமல்.
– நீச்சல். (தெரியாது.)

கடைசி வரியைப் படித்தால் எனக்கே சிரிப்பு. பிறந்து வளர்ந்தது கடற்கரை. படுத்தால் அலைச் சத்தம். ஆனால் இடுப்புக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் நனைந்ததில்லை. முத்துக் குளித்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். குளித்ததெல்லாம் ஆம்பிளைகள்.

நிச்சயத்தன்று ஜெ. சொன்னது: "ஒனக்கு நான் மிதக்கச் சொல்லித் தாரேன். ரெண்டு நாள் போதும்." அதற்காகவே சம்மதித்தேன் என்று சொல்ல முடியாது. அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஜனவரி 4, ஞாயிறு

முதல் ஓலை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் பெயர்களை வாசிப்பார். யார் மகன், யார் மகள், எந்தப் பங்கு. அதுதான் ஓலை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருடையதைக் கேட்டாயிற்று. அப்போதெல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். இன்று டெல்மா என்று என் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது காது சூடாகிவிட்டது. "புன்னைக்காயல் பங்கைச் சேர்ந்த…" என்று ஃபாதர் தொடங்கியதும் முன்வரிசைப் பெண்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்."

லீனா காதுக்குள்: "நான் போய்ச் சொல்லட்டா? நீ கொறட்டை விடுவேன்னு."

கிள்ளி வைத்தேன். மதியம் சீலா மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு.

ஜனவரி 7, புதன்

இரண்டு கப்பல், ஒன்பது பேர் இறக்கம், ஏழு பேர் ஏற்றம். எங்களுடையது கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். கப்பலில் வேலைக்கு ஏறுகிறவர், இறங்குகிறவர் காகிதமெல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போக வேண்டும். பாஸ்போர்ட் நகல், குடியேற்ற அதிகாரிக்குக் கடிதம், துறைமுகத்துக்குள் நுழைய பாஸ். ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இறங்கினதும் "அம்மா, வைஃபை இருக்கா?" என்று தமிழில் கேட்டார். "அம்மா"வை எங்கே கற்றாரோ.

சுடலைமுத்து அண்ணாச்சி ஏரலில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். எங்கள் ஆபீசில் சீனியர். என் திரையில் தீவுப் படத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, கப்பல் ஏதும் தரைதட்டிருச்சா?"

"தேனிலவு அண்ணாச்சி."

"கடலைப் பாக்க கடலைத் தாண்டிப் போறீயளா? நல்லா இருங்க."

மாலை ஜெ. போன். டிக்கெட் பற்றிக் கேட்டேன். "பாத்து வச்சிருக்கேன். நம்ம பய ஒருத்தன் டிராவல்ஸ்ல இருக்கான், சொல்லுதேன்னு சொன்னான்." தங்குமிடம் மூன்றில் எது என்றேன். "ஒனக்கு எது பிடிச்சிருக்கோ அதான்." நல்ல பதில் மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகு, பதிலே இல்லை என்று பட்டது. கப்பல் என்ஜினியர், ஏப்ரல் வரை லீவு இருக்கிறது, அவசரம் தெரியாமல் இருக்கிறார்.

ஜனவரி 9, வெள்ளி

நீச்சல் உடை பார்சல் வந்தது. மஞ்சள். கையும் முழங்காலும் மூடுகிற ரகம்தான். ஆனாலும் அம்மா கண்ணில் பட்டால் ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்வாள். கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் திரும்பி, கையை விரித்து, மிதக்கிற மாதிரி நின்று லீனாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். வேறு நாளாக இருந்தால் வாழைப்பழம் என்று ஒரு வாரம் ஓட்டியிருப்பாள்.

அப்பாவிடம் மாலி பற்றிக் கேட்டேன். அப்பா தோணித் தண்டலாக, அதாவது தோணியை நடத்திப் போகிறவராக, இருந்தவர். வெங்காயம், கல், மணல், ஓடு எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலிக்கு நாற்பது தடவைக்கு மேல் போய் வந்தவர். முட்டி போன பிறகு வீட்டில்.

"அங்கன என்ன இருக்குப்பா?"

"வெயிலும் தண்ணியும். இங்கனயும் அதான் இருக்கு."

"பாக்கிறதுக்கு?"

"நான் தோணி கட்டுற ஜெட்டியத் தாண்டிப் போகலயே. சரக்கு இறக்குவோம், மாசிக் கருவாடு வாங்குவோம், திரும்புவோம்."

பிறகு என்னைப் பார்க்காமல் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "நீ ரொம்பப் பட்டியல் போடாத தாயி" என்றார். ஏன் என்றேன். கேட்காத மாதிரி இருந்தார். காதும் போய்க்கொண்டிருக்கிறது போல.

ஜனவரி 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இன்று திரும்பிப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். புகழ் குறைகிறது.

மதியம் புன்னைக்காயலிலிருந்து மாமி வந்தார்கள், அதாவது ஜெ.யின் அம்மா. கையில் மக்ரூன் பெட்டி. கல்யாணச் சேலை பிளவுஸ் அளவு, பந்தல், பிரியாணியா சாம்பாரா. இடுப்பு வலி பற்றி அரை மணி நேரம்.

மாமி: "நீ வந்துட்டேன்னா எனக்கு என்ன கவலை. குசினியை ஒங்கிட்ட குடுத்துட்டு நான் சாஞ்சிருவேன்."

நான்: "சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து செய்றேன் மாமி."

மாமி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மக்ரூன் பெட்டியைப் பார்த்தாள். "அதெல்லாம் பிறகு பேசிக்கிடலாம்" என்றாள்.

மாலி பற்றி மாமியிடம் சொன்னேன். ஆறு நாள், சின்னத் தீவு, படகுப் பயணம். "சந்தோசமா இரும்மா" என்று தலையைத் தடவிக் கொடுத்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவுகிற மாதிரி.

ஜனவரி 12, திங்கள். மதியம் 3.10

ஆபீஸ் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் பிடிபடும் என்று பார்க்கிறேன்.

நடந்ததை வரிசையாக.

31ஆம் தேதி நிலக்கரிக் கப்பல் ஒன்று வருகிறது. அந்தக் கம்பெனிக் கப்பல்களை எப்போதும் வேறு ஏஜென்ட்தான் பார்ப்பார். இந்த முறை சரக்குக்காரர் எங்கள் ஆபீசை நியமித்துவிட்டார். மதியம் மெயில் வந்தது. இங்கே ஏறுகிறவர்கள் நான்கு பேர். பட்டியல், பாஸ்போர்ட் நகல், ஒப்பந்த ஃபாரம். நான் வழக்கம்போல டீயை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

மூன்றாவது பெயர் ஜெ.

செகண்ட் என்ஜினியர். ஏறும் நாள் ஜனவரி 31. ஒப்பந்தம் எட்டு மாதம்.

அதே பெயரில் வேறு ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் நகலைத் திறந்தேன். அதே முகம். புருவத்தில் அதே தழும்பு.

அவசரத் தொடர்புக்கு என்று ஒரு பக்கம் உண்டு. தினமும் பார்க்கிற பக்கம். பெயர்: டெல்மா. உறவு: மனைவி. முகவரி: புன்னைக்காயல். தொழில்: இல்லத்தரசி. போன் நம்பர் என்னுடையது. கையெழுத்துப் போட்ட தேதி நவம்பர் 24.

எங்கள் நிச்சயம் நவம்பர் 30.

நிச்சயத்துக்கு ஆறு நாள் முன்னாலேயே நான் மனைவி. வேலையையும் விட்டாயிற்று. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அண்ணாச்சி கதவைத் தட்டுகிறார். "ஏம்மா, உடம்புக்கு முடியலயா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதே நாள், மாலை

ஜெ.யைக் கூப்பிடவில்லை. முதலில் அம்மா. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெ. 31ஆம் தேதி கப்பல் ஏறுகிறாராமே என்றேன். கை நிற்கவே இல்லை. அதில்தான் எனக்குப் புரிந்தது.

"யாரு சொன்னா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ளா. கிறிஸ்மஸுக்கு முன்னாலயே அவிய அம்மா சொல்லிட்டாவ."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கல்யாணத்தைத் தள்ளிப் போடுன்னு நிப்ப. தவக்காலம் வந்துரும், ஈஸ்டர் வந்துரும், பிறகு அவன் கப்பல்ல இருப்பான். ஒனக்கு வயசு இருபத்தெட்டு. ஒன் குணம் எனக்குத் தெரியாதா?"

"மாலிக்கு டிக்கெட்?"

"மறுவீடு முடிஞ்ச அன்னைக்கு, கம்பெனியில இருந்து அவசரமாக் கூப்பிட்டுட்டாவன்னு சொல்லுறதா இருந்துச்சி. நீ ரெண்டு நாள் அழுவ, பிறகு சரியாயிருவன்னு பேசிக்கிட்டோம்."

யார் யார் பேசினீர்கள் என்றேன். குழாயைத் திறந்துவிட்டாள்.

என் வேலை? "மாமிக்கு இடுப்பு முடியல. நான்தான் சரின்னு சொன்னேன். பொம்பளப் பிள்ள எத்தனை நாளுதான் ஹார்பருக்கு அலையும்?"

ஐந்து வருடம் பார்த்த வேலை. நான் சம்பாதித்துப் படிக்க வைத்த லீனா அறை வாசலில் நின்றாள். அவளிடமும் கேட்டேன்.

"தெரியும்க்கா. அம்மா மாதா மேல சத்தியம் வாங்கிட்டா. நீ அந்த மஞ்ச டிரெஸ்ஸைப் போட்டுக் காட்டுனப்போ எனக்கு அழுகை வந்துருச்சு. அதான் வெளிய போயிட்டேன்."

அப்பா முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

வெயில். காற்றில்லை. மாலை 5.30க்கு பேக்கரியில் ஜெ.யைச் சந்தித்தேன். நீல சட்டை, ஷேவ் செய்து, சிரித்துக்கொண்டே வந்தார். உட்கார்ந்ததும் மொபைலில் பட்டியலைக் காட்டினேன்.

அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "இது ஒங்க ஆபீஸுக்கு எப்படி வந்துச்சு? வேற ஏஜென்ட்லா பாப்பாவ."

மன்னிப்பு இல்லை. திகைப்புகூட இல்லை. எங்கே ஓட்டை என்று தேடுகிறார்.

பிறகு சொன்னார். செகண்ட் என்ஜினியர் பரீட்சை பாஸ் பண்ணி ஒரு வருடம் ஆகிறது. அந்தப் பதவியில் ஏற இந்தக் கப்பலில்தான் இடம். விட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது. எல்லாம் நியாயம். இதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாதது இல்லை. தினம் இதைத்தானே பார்க்கிறேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா ஒங்க பெட்டியை நானே கட்டியிருப்பேன். ஒங்க காகிதத்தை நானே தயார் பண்ணியிருப்பேன்."

"நீ ஆசை ஆசையா பிளான் போட்டுக்கிட்டு இருந்த. கெடுக்க மனசு வரல."

"என் தொழில் இல்லத்தரசின்னு எழுதிட்டு வந்து, எனக்கு மிதக்கச் சொல்லித் தாரேன்னீங்க."

"ஃபாரத்துல சும்மா போடுறதுதானே அது."

சும்மா போடுவது. ஐந்து வருடமாக அந்த ஃபாரத்தில் ஒரு எழுத்து சரியில்லை என்றால் ஆளைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பில்லுக்கு நிற்கவில்லை. பஃப்ஸ் அப்படியே இருந்தது. வீடு வந்தபின் பசித்தது, அதற்கும் கோபம் வந்தது.

ஜனவரி 14, புதன்

காலை ஏழு மணிக்கே தெருவில் பைக் சத்தம். ஜெ. வீட்டுக்கே வந்துவிட்டார். தூங்காத கண்.

எல்லார் முன்னாலும் சொன்னார்: "கம்பெனிக்குப் பேசிட்டேன். கப்பல் வேண்டாம்னு சொல்லிட்டேன். பதவி பெறகு வரட்டும். இந்தா டிக்கெட்."

போனை நீட்டினார். திருவனந்தபுரம் – மாலி. பிப்ரவரி 1. இரண்டு பெயர். அடுத்தடுத்த சீட்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். லீனா கை தட்டினாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் முன்னால் அழக் கூடாது என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது வீண்.

"என்னை மன்னிச்சிரு டெல்மா. பயந்துட்டேன்."

பயந்துவிட்டேன் என்று ஒரு ஆம்பிளை சொல்லி நான் கேட்டதில்லை. அதுதான் என்னைச் சாய்த்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அண்ணாச்சி ஏரலில் இருந்து இரண்டு கரும்பு கொடுத்துவிட்டிருந்தார், சர்க்கரைப் பொங்கல் தூக்குவாளியில். லீனாவும் நானும் மொட்டை மாடியில் கடித்துத் துப்பினோம். அவளிடம் பேசத் தொடங்கிவிட்டேன். எவ்வளவு நேரம்தான் முறைப்பது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா? முக்கால்வாசி. அவருடைய பதவி என்னால் போகிறதே என்ற உறுத்தல்கூட வந்துவிட்டது. வேலையை விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "சரி சரி" என்றாள். இந்த வீட்டில் சரி சரி என்றால் என்ன அர்த்தம் என்று இனி யோசித்துப் பார்க்க வேண்டும்.

பட்டியல் மறுபடி:
– தங்குமிடம்: இரண்டாவதுதான். மெயில் போட்டுவிட்டேன். தேனிலவுக்காரர்களுக்கு மேல்மாடி அறை தருகிறார்களாம்.
– கிரீம்: லீனா வாங்கி வருகிறாள், பிராயச்சித்தமாக.
– மாமிக்கு: மாசி.
– மிதப்பது: கட்டிலில் மல்லாந்து, கையை விரித்து, மூச்சைப் பிடித்து. மூன்று தடவை. சீலிங் ஃபேன்தான் வானம்.

ஜனவரி 17, சனி

பொங்கல் விடுமுறை என்று கப்பல் நிற்காது. ஆபீசில் நானும் அண்ணாச்சியும் மட்டும்.

10.20க்கு மெயில். 31ஆம் தேதி கப்பல், திருத்திய பட்டியல். நாலு பேர் மூன்று ஆகியிருந்தார்கள். ஜெ. பெயரை எடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியோடுதான் திறந்தேன்.

எடுத்தது சமையல்காரரை. ஜெ. இருக்கிறார். ஏறுவது உறுதி, கையெழுத்திட்ட ஒப்பந்தம் இணைப்பில். பாய்லர் சூட் அளவு லார்ஜ், ஷூ ஒன்பது. தேதி ஜனவரி 15.

நான் கரும்பு கடித்துக்கொண்டிருந்த நாள்.

ஒரு வாய்ப்பு கொடுத்தேன். அதை எழுதிவைக்க வேண்டும், பிறகு யாரும் என்னை அவசரக்காரி என்று சொல்லக் கூடாது. பட்டியலைத் திரையில் வைத்துக்கொண்டே போன் போட்டேன்.

"கப்பல் விசயம் முடிஞ்சுதா?"

"அன்னைக்கே முடிஞ்சிட்டே. ஏப்ரல் வரை ஒங்கூடத்தான். இன்னும் நம்ப மாட்டியா?"

குரலில் ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது, நம்பவில்லையே என்று. அவர் குரல் எனக்குப் பிடித்த குரல். என்ன செய்ய.

"நம்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் பங்குக்கு நானும் ஒரு பொய்.

அண்ணாச்சி திரையைப் பார்த்துவிட்டார். பெயரைப் படித்தார். கல்யாணப் பத்திரிகை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கப்பல் வேலையை நான் பாத்துக்கிடுதேன். நீ இதைத் தொட வேண்டாம்."

"நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி?"

"எனக்கு என்னம்மா தெரியும். நாளைக்கு மூணாவது தடவை பேரு வாசிப்பாவன்னு சொன்னியே. அதுக்கு முன்னால ஒரு முடிவுக்கு வா. பெறகு எல்லாரும் ஒன்னைத்தான் சொல்லுவாவ."

5.15. பங்குத்தந்தை வீடு. ஃபாதர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தைக் குறைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பட்டியல் நகலைக் காட்டினேன்.

"தேனிலவு இல்லன்னா கல்யாணம் வேண்டாமா டெல்மா? கடல்காரங்க வீட்டுல இது புதுசு இல்லையே."

"கப்பலுக்குப் போகட்டும் ஃபாதர். நான் தடுக்கல. ஒரு தடவை மறைச்சாவ, சரி. என் கண்ணைப் பாத்து, டிக்கெட்டைக் காட்டிப் பொய் சொன்னாவ. இன்னைக்குப் போன்ல மறுபடி. 28ஆம் தேதி உங்க முன்னால எனக்கு வாக்குக் குடுப்பாவ. அதை மட்டும் நான் எப்படி நம்புறது?"

ஃபாதர் டிவியை நிறுத்தினார்.

"சட்டப்படி இது தடை இல்ல. ஆனா உனக்கு முழுச் சம்மதம் இல்லன்னா வாசிக்க எனக்கும் உரிமை இல்ல. இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்து பார்த்தேன். டிசம்பரில் இதே மேசையில் இதே கேள்விக்கு எவ்வளவு லேசாக ஆமாம் சொன்னேன்.

"நாளைக்கு வாசிக்கல" என்றார். "வீட்டுல சொல்லிரு."

சொல்லவில்லை. அவர்களும்தான் எனக்குச் சொல்லவில்லை. இது சின்னத்தனம்தான். தெரிந்தே எழுதுகிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மேகமூட்டம், தூறல் மாதிரி வந்து போனது. காலைப் பூசை.

நன்மை அப்பம் வாங்கி உட்கார்ந்தாயிற்று. ஃபாதர் அறிவிப்புத் தாளை எடுத்தார். அன்பியக் கூட்டம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது, மறைக்கல்வி. பிறகு ஓலை. இன்னொரு ஜோடிக்கு முதல் ஓலை, அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "மூன்றாம் ஓலை" என்று ஒருவருக்கு வாசித்தார், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரி செய்தாள். அது வேறு யாரோ. தாளை மடித்தார். "எல்லாரும் எழுந்து நிற்போம்."

அம்மா என் கையைப் பிடித்தாள். "ஒன் பேரை விட்டுட்டாரே. மறந்துட்டாரா?"

"மறக்கல. நான்தான் சொன்னேன்."

கடைசிப் பாட்டு முழுக்க அம்மா என் கையை விடவில்லை. நகம் பதிந்திருக்கிறது. வாசலில் அழுகை, ஆத்திரம், பத்திரிகை கொடுத்த வீடுகளின் பெயர் ஒவ்வொன்றாக. லீனா அவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனாள். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆமோதிப்பா, ஐயோ என்பதா, தெரியவில்லை. ஜெ. ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தார். பிறகு ஒரு செய்தி: "ஏன் இப்படிப் பண்ணுன?" பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் போன் அமைதி.

அப்பாவும் நானும் நடந்தோம். முட்டி வலிக்காரர், பத்தடிக்கு ஒரு தடவை நின்றார். பீச் ரோட்டில் மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன். ஒரு வாரமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"ஒங்களுக்கும் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே." சுவரில் கையை ஊன்றி நின்றார். "அந்தச் சேதியை ஒங்கிட்ட சொல்லுறது நான்தான்னு முடிவு பண்ணிருந்தாவ. மறுவீட்டு அன்னைக்கு. வேற யாரு சொன்னாலும் நீ நம்ப மாட்டியாம்."

"என்ன சொல்லச் சொன்னாவ?"

"விடு தாயி."

"சொல்லுங்கப்பா. எப்படிச் சொல்லியிருப்பீங்களோ அப்படியே."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் நகரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஏளா, கப்பல்ல இருந்த ஆளுக்கு நெஞ்சுவலியாம். மாத்துறதுக்கு வேற ஆளு இல்லியாம். மாப்பிள்ளையை நாளைக்கே ஏறச் சொல்லுதாவ. அவன் ஒங்கிட்ட சொல்ல முடியாம அங்கன நின்னு அழுதுக்கிட்டு இருக்கான். நீயும் அழாத தாயி."

குரல் எங்கேயும் பிசகவில்லை. நம்பியிருப்பேன்.